ஃப்ரே பென்டோஸ் டின் ஒன்று: எந்தக் காலத்தது?

பழைய கார்ன்ட் பீஃப் (உப்பிட்டுப் பதப்படுத்திய மாட்டிறைச்சி) டின் ஒன்றின் காலத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திணறுகிறேன். உருகுவே நாட்டின் ஃப்ரே பென்டோஸ் ஊரில் இருந்த இறைச்சித் தொழிற்சாலையில் தயாரானது. எங்கள் கண்காட்சியில் அந்த ஆலை கைமாறிய கதையைச் சொல்லப்போகிறோம், டின் எந்தப் பலகைக்குக் கீழே போகும் என்பதுதான் சிக்கல்.

1865இல் லண்டனில் தொடங்கிய லீபிக் கம்பெனிதான் அங்கே மாட்டிறைச்சிச் சாறு காய்ச்சியது. 1924இல் வெஸ்டி என்ற பிரிட்டிஷ் இறைச்சி வணிகக் குடும்பம் ஆலையை வாங்கி 'ஆங்லோ' என்று பெயர் மாற்றியது. 1971இல் உருகுவே அரசின் கைக்குப் போய், 1979இல் மூடப்பட்டது. 2015இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆனது. அத்தனை பேர் உழைத்த இடம், தேதி தவறாகப் போடக் கூடாது.

டின்னின் அடியில் 'ஆங்லோ' என்று அழுத்திய எழுத்து இருக்கிறது. அதனால் லீபிக் காலம் இல்லை. சாவியால் சுருட்டித் திறக்கும் வகை. எடை 12 அவுன்ஸ், கிராம் கணக்கு இல்லை. காகித லேபிள் பாதி கிழிந்துவிட்டது, மிச்சத்தில் ஆண்டு எதுவும் இல்லை. பக்கத் தையலில் ஈயப் பற்று தெரிகிறது.

ஏல விற்பனைப் படங்களோடு ஒப்பிட்டேன், பழம்பொருள் வியாபாரிகளிடமும் காட்டினேன். ஆளுக்கொரு பதில். 1943இல் மட்டும் அங்கிருந்து சுமார் 1.6 கோடி டின் போனதால் எல்லோரும் 'போர்க்காலம்' என்றே சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் ஆதாரம் கேட்டால் பதில் இல்லை.

தையலையும் அடி எழுத்தையும் வைத்து, இது 1945க்கு முந்தியதா பிந்தியதா என்று எப்படி உறுதி செய்வது?