பைப் சைஸ் எப்படி முடிவு பண்றது? பிளம்பர் ஒண்ணு சொல்றார், அப்பா ஒண்ணு சொல்றார்

திருச்சி_வீடு:

எல்லாருக்கும் வணக்கம். திருவெறும்பூர் பக்கம் வீடு கட்டிட்டு இருக்கோம், கீழ ஒரு போர்ஷன் மேல ஒரு போர்ஷன், சென்ட்ரிங் பிரிச்சாச்சு, அடுத்த வாரம் சுவத்துல காடி வெட்டி பைப் போட ஆரம்பிக்கிறாங்க. கீழ ரெண்டு பாத்ரூம், அதுக்கு நேர் மேல ரெண்டு பாத்ரூம். மொட்டை மாடியில 4 அடி மேடை கட்டி 1000 லிட்டர் டேங்க் வைக்கிறோம். டேங்க்ல இருந்து மாடியில கடைசி பாத்ரூம் ஷவருக்கு பைப் நீளம் அளந்து பார்த்தேன், 33 அடி வருது.

பிளம்பர் என்ன சொல்றார்னா, குழாய் எல்லாம் அரை இன்ச் தானே, அப்ப லைனும் முழுக்க அரை இன்ச் சிபிவிசி (தண்ணி லைனுக்கான பிளாஸ்டிக் பைப்) போதும்கிறார். டாய்லெட்டுக்கு 4 இன்ச், குளிக்கிற தண்ணிக்கு ரெண்டரை இன்ச்னு சொல்றார். அப்பா வெளிய போற லைன் பூரா 6 இன்ச் தான் போடணும்னு நிக்கிறார், ஏன்னா பழைய வீட்டுல 4 இன்ச் போட்டு மாசத்துக்கு ஒரு தடவை அடைச்சுக்கிட்டு அவர் தான் மூங்கில் குச்சி வச்சு குத்தி எடுப்பார், அது எனக்கும் சின்ன வயசுல இருந்து ஞாபகம் இருக்கு. அவர் சொல்றத தட்டவும் மனசு வரல. டிராயிங்ல பிளம்பிங் எதுவுமே போட்டுத் தரல. இதுக்கு கணக்குன்னு ஒண்ணு இருக்கா, இல்ல எல்லாம் அனுபவம் தானா? சுவத்த மூடினப்புறம் திரும்ப உடைக்கற நிலைமை வரக்கூடாதுன்னு தான் கேக்கறேன்.

சைட்_இன்ஜி:

கணக்கு இருக்கு ப்ரோ, அதுவும் உங்க வீட்டுக்கு கண்டிப்பா போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு. முதல்ல தண்ணி லைன மட்டும் பார்ப்போம். டேங்க் அடிப்பாகம் ஸ்லாப்ல இருந்து 4 அடி, மாடி உயரம் பத்தரை அடின்னு வச்சுக்கறேன், ஷவர் 7 அடி உயரத்துல இருக்கும். ஆக உங்க ஷவருக்கு மேல நிக்கிற தண்ணி உயரம் ஏழரை அடி, அதாவது 2.3 மீட்டர். 10 மீட்டர் உயரத்துக்கு தான் சுமார் 1 பார் பிரஷர், உங்களுக்கு 0.23 பார் தான் இருக்கு. கீழ் வீட்டுக்கு இன்னொரு பத்தரை அடி சேருது, அங்க பிரச்சனை இல்ல. எல்லா வீட்டுலயும் மேல் மாடி ஷவர் தான் சொட்டு சொட்டா வரும், காரணம் இது தான்.

இப்ப இந்த 2.3 மீட்டர்ல பைப் எவ்வளவ தின்னுதுன்னு பாருங்க. சுமாரான ஷவருக்கு நிமிஷத்துக்கு 12 லிட்டர் வேணும். அரை இன்ச் சிபிவிசி உள் விட்டம் பன்னெண்டரை எம்எம் தான், அதுல 12 லிட்டர் ஓடினா உங்க 33 அடிக்குள்ளயே 2.6 மீட்டர் உராய்வுல போயிடும். இருக்கறதே 2.3, அதனால 12 லிட்டர் வரவே வராது, எல்போவ இன்னும் கணக்குல சேர்க்கல. அதே தண்ணி முக்கால் இன்ச்ல போனா 0.4 மீட்டர் தான் போகும், ஒரு இன்ச்ல போனா 12 சென்டிமீட்டர் தான். விட்டம் கொஞ்சம் கூடினாலே உராய்வு அந்த அளவுக்கு சரியும், ஏறத்தாழ விட்டத்தோட அஞ்சாவது அடுக்குக்கு தலைகீழா வேலை செய்யுது. இந்த ஒரு விஷயத்த பிளம்பர்கிட்ட உட்காந்து பேசுங்க, கோவிக்காம பேசுங்க.

நான் போடற மாதிரி சொல்றேன்: டேங்க் அவுட்லெட் ஒன்றரை இன்ச், மொட்டை மாடியில ஓடற லைன் அதே சைஸ், ஒவ்வொரு பாத்ரூமுக்கும் இறங்கறது ஒரு இன்ச், பாத்ரூமுக்குள்ள முக்கால், குழாய்க்கு போற கடைசி துண்டு மட்டும் அரை. மாடி பாத்ரூமுக்கு தனியா இறக்கணும், கீழ் வீட்டுக்கு போற பைப்ல இருந்து கிளை எடுக்காதீங்க, கீழ ஒருத்தர் பக்கெட் பிடிச்சா மேல ஷவர் நின்னுடும். அவுட்லெட் கேட் வால்வ தாண்டினதும் ஒரு ஏர் பைப் டேங்க் உயரத்துக்கு மேல போற மாதிரி நிறுத்தி வாய திறந்து விடுங்க, இல்லன்னா டேங்க் காலியாகி ரொம்பும்போது காத்து மாட்டிக்கிட்டு தண்ணி வராது.

ஆனா ஒண்ணு, பைப்ப பெருசாக்கினா உராய்வு தான் குறையும், அந்த 2.3 மீட்டர் 3 மீட்டர் ஆகாது. அது வேணும்னா டேங்க ஏத்தணும். ஸ்டேர்கேஸ் ஹெட்ரூம் (மாடிப்படிக்கு மேல மொட்டை மாடியில வர்ற ரூம்) மேல வைக்க முடியுமா பாருங்க, இன்னும் நாலு அடி கிடைச்சா கூட பெரிய வித்தியாசம் தெரியும்.

கோவை_ராஜா:

எதுக்கு இவ்ளோ, ஒரு பிரஷர் பம்ப் வச்சா முடிஞ்சுது. எங்க வீட்டுல அப்படித்தான் இருக்கு.

சைட்_இன்ஜி:

வைக்கலாம், ஆனா கரென்ட் போனா குளிக்க முடியாது. அதோட அரை இன்ச் லைன்ல பம்ப் வச்சா சத்தமும் வரும், ஜாயின்ட்டும் விட்டுடும். முதல்ல பைப் சைஸ் சரியா இருக்கட்டும், பம்ப் அப்புறம் கூட வச்சுக்கலாம், சுவத்துக்குள்ள போன பைப்ப அப்படி மாத்த முடியாது.

குழாய்வேலை_மதுரை:

தம்பி, நான் பிளம்பர், 22 வருஷமா இதே வேலை. சாக்கடை லைன் பத்தி நான் சொல்றேன். உங்க அப்பா சொல்றதுல அவர் பட்ட கஷ்டம் இருக்கு, அத நான் குறை சொல்ல மாட்டேன், ஆனா பழைய வீட்டுல அடைச்சது 4 இன்ச்சாலயா, வாட்டம் (சரிவு) இல்லாததாலயான்னு கேளுங்க. நான் தோண்டி பார்த்த அடைப்புல பாதிக்கு மேல வாட்டம் தான். 4 இன்ச்சுக்கு 40க்கு 1, 6 இன்ச்சுக்கு 60க்கு 1, இது பழைய காலத்து கணக்கு, இன்னைக்கும் சரியா தான் இருக்கு. 40 அடி ஓடினா ஒரு அடி இறங்கணும். அந்த வாட்டத்துல 4 இன்ச் பைப் பாதி ரொம்பி ஓடினாலே செகண்டுக்கு 4 லிட்டருக்கு மேல தள்ளிடும், உங்க ஃப்ளஷ் டேங்க்ல மொத்தமே 6 லிட்டர் தான் இருக்கு. நாலு பாத்ரூமுக்கு 4 இன்ச் தாராளம்.

6 இன்ச் போட்டா என்ன ஆகும்னா, அதே 6 லிட்டர் தண்ணி அகலமா பரவி மெல்லிசா போகும், மலத்த தூக்கிட்டு போற ஆழம் இருக்காது, தண்ணி முன்னாடி போயிடும் அது பின்னாடி தங்கிடும். அதுலயும் பெரிய பைப் தானேன்னு கொத்தனார் மட்டமா படுக்க வச்சுட்டா முடிஞ்சது கதை. வீட்டு லைன் எல்லாம் 4 இன்ச் போடுங்க, மேன்ஹோலுக்கு போற கடைசி லைன்ல நாலஞ்சு வீடு சேர்றதா இருந்தா தான் 6 இன்ச் யோசிக்கணும். போற வழியில பைப் எங்கயும் சின்னதாகக் கூடாது, அது மட்டும் மறக்காதீங்க.

கடையில வாங்கறப்ப எம்எம்ல கேளுங்க. 75 எம்எம்ம ஒரு கடையில ரெண்டரை இன்ச்ம்பான், இன்னொரு கடையில மூணு இன்ச்ம்பான். குளிக்கிற தண்ணிக்கு 75, டாய்லெட்டுக்கு 110, நாம 4 இன்ச்னு சொல்றது அதத்தான். சமையல் சிங்க் லைன டாய்லெட் பைப்ல சேர்க்காம தனியா கல்லி ட்ராப்புக்கு (வெளிய தரையில வைக்கற, நாத்தம் வராம கொஞ்சம் தண்ணி நிக்கிற தொட்டி) கொண்டு வாங்க, எண்ணெய் பிடிச்சா சுத்தம் பண்ண வசதி. எஸ்டபிள்யூஆர் பைப்ல (கழிவுத் தண்ணிக்கும் மழைத் தண்ணிக்கும் போடற பிவிசி பைப்) டைப் ஏ, டைப் பி ரெண்டு இருக்கு, ஏ மழைத் தண்ணிக்கும் காத்து பைப்புக்கும், பி தான் டாய்லெட்டுக்கு. 110ல ஏ 2.2 எம்எம் கனம், பி 3.2. வெளியில இருந்து பார்த்தா ஒரே மாதிரி இருக்கும், பைப் மேல அச்சடிச்சத படிச்சு வாங்குங்க.

மாடியில இருந்து இறங்கற பைப் அடியில ஒரே 90 பெண்ட் போடாம ரெண்டு 45 பெண்ட் போடுங்க. கீழ் வீட்டு டாய்லெட்ட அந்த இறங்கற பைப்ல சேர்க்காதீங்க, நேரா சேம்பருக்கு (வெளிய மூடி போட்ட சாக்கடைத் தொட்டி) கொண்டு போங்க, இல்லன்னா மேல ஃப்ளஷ் பண்றப்ப கீழ குபுகுபுன்னு பொங்கும். இறங்கற பைப்ப மொட்டை மாடிக்கு மேல ஏத்தி கௌல் (காத்து போக ஓட்டை உள்ள மூடி) போட்டு விடணும். காத்து போக வழி இல்லன்னா மேல இருந்து விழற தண்ணி பாத்ரூம் ட்ராப்ல நாத்தத்த தடுக்க நிக்கிற 50 எம்எம் தண்ணிய உறிஞ்சிடும், அப்புறம் வீடு பூரா நாத்தம், எங்க இருந்து வருதுன்னே தெரியாது. இத விட்டுட்டு போற ஆளுங்க நிறைய.

மழைக்காலம்:

ஒண்ணு விட்டுப் போச்சு, மொட்டை மாடி மழைத் தண்ணி. மணிக்கு 100 எம்எம் மழைக்கு ஒரு 4 இன்ச் பைப் சுமார் 40 சதுர மீட்டர், அதாவது 430 சதுர அடி தான் தாங்கும்னு நேஷனல் பில்டிங் கோட் சொல்லுது. 1200 சதுர அடி மாடிக்கு மூணு பைப் வேணும், ஒரே பைப் விட்டா தண்ணி தேங்கி ஸ்லாப் ஒழுகும். சாக்கடையில சேர்க்கவே கூடாது, தமிழ்நாட்டுல 2003ல இருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம், சேகரிப்புக் குழிக்கு விடுங்க.

கேள்வியில கணக்கா அனுபவமான்னு கேட்டிருந்தீங்க. வீட்டுல 20 குழாய் இருந்தாலும் இருபதும் ஒரே நேரத்துல திறக்காது இல்ல, அப்ப எத்தனை திறக்கும்னு வச்சு பைப் சைஸ் எடுக்கறது? 1940ல அமெரிக்க நேஷனல் பீரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ்ல ராய் ஹன்டர் இத நிகழ்தகவு வச்சு கணக்கு போட்டு ஒவ்வொரு குழாய்க்கும் டாய்லெட்டுக்கும் ஒரு எண் குடுத்தார், ஃபிக்ஸ்சர் யூனிட்னு சொல்றது அதத்தான். நம்ம பில்டிங் கோடும் அந்த வழியில தான் போகுது. நாலு பாத்ரூம் வீட்டுக்கு மேல சொன்ன சைஸ் போதும், அபார்ட்மென்ட்னா இந்தக் கணக்கு இல்லாம போடவே கூடாது.

திருச்சி_வீடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து மேஸ்திரிய வச்சு ட்யூப் லெவல் (தண்ணி ட்யூப் வச்சு மட்டம்) பிடிச்சோம், அப்பாவும் வந்தார். பின்னாடி பாத்ரூம்ல இருந்து முன்னாடி சேம்பருக்கு 40 அடி, ஆனா இறக்கம் 9 இன்ச் தான் கிடைக்குது, ஒரு அடி வரல. இதுக்காகத்தான் 6 இன்ச் கேட்டேன்கிறார் அப்பா. பழைய வீட்டுலயும் ரோட்ட உசத்தினப்புறம் தான் அடைக்க ஆரம்பிச்சுதுன்னு இப்ப தான் சொல்றார். டேங்க் ஹெட்ரூம் மேல ஏத்தறதா முடிவு பண்ணியாச்சு.

குழாய்வேலை_மதுரை:

9 இன்ச் போதும் தம்பி, பயப்படாதீங்க. 40 அடிக்கு 8 இன்ச் இறங்கினாலே 60க்கு 1 ஆயிடும், 4 இன்ச்சும் அதுல நல்லா ஓடும். ஆனா 40க்கு 1 இருந்தா சின்ன தப்ப மன்னிக்கும், 60க்கு 1 மன்னிக்காது. அதனால நூல் கட்டி, அடியில மணல் போட்டு கெட்டிச்சு, ஒவ்வொரு பைப்புக்கும் லெவல் பார்த்து வைக்கச் சொல்லுங்க, நடுவுல எங்கயும் தொய்வு விழக்கூடாது. நடுவுல ஒரு சேம்பர் வைங்க, திரும்பற இடத்துல எல்லாம் டோர் பெண்ட் (திறந்து சுத்தம் பண்ண மூடி உள்ள பெண்ட்). முடிஞ்சா பாத்ரூம் தரைய ரெண்டு இன்ச் ஏத்திக்கோங்க. மண்ணு மூடறதுக்கு முன்னாடி மேல இருந்து ஒரு பக்கெட் தண்ணி ஊத்தி, அப்பாவ சேம்பர்கிட்ட நிக்க வச்சு பார்க்கச் சொல்லுங்க.

சைட்_இன்ஜி:

அதே மாதிரி சிபிவிசி லைன பூச்சுக்கு முன்னாடி பிரஷர் டெஸ்ட் பண்ணிடுங்க. காடி மூடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சுவத்தையும் டேப் வச்சு ஃபோட்டோ எடுத்து வைங்க, நாளைக்கு ஆணி அடிக்கறப்ப உதவும். ட்ராப் வாய், டாய்லெட் பைப் வாய் எல்லாத்தையும் இப்பவே சாக்கு வச்சு அடைச்சிடுங்க, டைல்ஸ் ஒட்டறவங்க கழுவற சிமென்ட் பால் உள்ள போய் இறுகிட்டா அத எந்தக் குச்சியும் எடுக்காது.