சிரசுத் திருவிழா வெயிலும் அப்பாவின் கூழ்ச் சொம்பும்

குடியாத்தத்திலிருந்து:

வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு எங்கள் ஊரில் கூடும் கூட்டத்தையும் அன்றைக்கு அடிக்கும் வெயிலையும் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். 2024ஆம் ஆண்டுத் திருவிழாவில், பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வரும் என் அப்பா, காலையிலிருந்து ஊர்வலத்தோடு நடந்துவிட்டு, தலை சுற்றுகிறது என்று ஒரு திண்ணையில் சாய்ந்துவிட்டார். வழியெங்கும் இருந்த பந்தல்களில் நீர்மோரும் கொடுத்தார்கள், நிறம் கலந்த இனிப்புத் தண்ணீரும் கொடுத்தார்கள். அவர் குடித்ததோ இனிப்புத் தண்ணீரை, அதுவும் நான்கைந்து டம்ளர். நான் பதறிப்போய் ஒரு மருந்துக்கடையில், உடல் வறண்டால் குடிக்கும் உப்பு-குளுக்கோஸ் கரைசலான ஓஆர்எஸ் கேட்டேன். அந்த எழுத்துகளைப் பெரிதாக அச்சிட்ட ஆரஞ்சுச் சுவைப் பானம் இரண்டு பெட்டி கிடைத்தது. இரண்டையும் குடிக்க வைத்தேன். மாலையில் பார்த்தபோது சர்க்கரை அளவு 340.

மருத்துவர் காலிப் பெட்டியைத் திருப்பி, பின்புறத்துச் சிறிய எழுத்தைப் படிக்கச் சொன்னார். 200 மில்லிக்கு 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த கரைசலில் ஒரு லிட்டருக்கே குளுக்கோஸ் 13.5 கிராம்தான், உப்பு 2.6 கிராம். வியர்வையில் போவது தண்ணீரும் உப்பும் என்பதால் அவற்றைக் குடல் உறிஞ்சுவதற்குத் துணையாகும் அளவுக்கே குளுக்கோஸ் சேர்க்கிறார்கள் என்றும், இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் சிறுநீர் அதிகம் போய் உடல் இன்னும் வறண்டுவிடும் என்றும் அவர் விளக்கியபோது எனக்குக் கை நடுங்கியது. அந்த வரையறைக்குள் வராத பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. தாமதமானாலும் நல்ல காரியம்.

இப்போது கத்திரி தொடங்கியதும் அம்மா கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் நொய்யரிசியோடு கிண்டி, உருண்டையாக்கித் தண்ணீரில் போட்டுவிடுகிறார். அதை மோரில் கரைத்து, உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்து ஒரு சொம்பு குடித்துவிட்டுத்தான் அப்பா தறியில் உட்காருகிறார். கூழும் மாவுப் பொருள்தான் என்பதால் அது காலை இட்லிக்குப் பதிலாகத்தானே தவிர, இட்லியோடு சேர்த்து அல்ல. இதில் மட்டும் அம்மா மிகவும் கண்டிப்பு.

காட்பாடியிலிருந்து:

சகோதரி, கட்டடப் பணிகளை மேற்பார்வை செய்பவன் என்ற முறையில் உங்கள் அனுபவத்தோடு இன்னொன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வெயிலூர் என்றே பெயரெடுத்த இந்த ஊரில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் எங்கள் ஆட்கள் பதினொரு மணிக்குக் கரும்புச் சாறுதான் கேட்பார்கள். ஒரு கோடையில் மூன்று பேருக்கு அடுத்தடுத்து மஞ்சள் காமாலை வந்தது. சாற்றில் உடைத்துப் போட்ட ஐஸ் சுத்தமில்லாத தண்ணீரில் செய்யப்பட்டதாக இருக்கலாம் என்று மருத்துவர் சந்தேகப்பட்டார். அதன்பின் கொதித்து ஆறிய நீரைப் பானையில் ஊற்றி வைத்து, கூழ் வண்டிக்காரரை வேலை நடக்கும் இடத்துக்கே வரச் சொல்லிவிட்டேன். நறுக்கி ஈ மொய்க்க வைத்த தர்பூசணியை விட்டுவிட்டு, முழுப் பழமாக வாங்கி நாங்களே அறுக்கிறோம். நுங்கு கிடைக்கும் நாட்களில் வேறெதுவும் தேவைப்படுவதில்லை.

குடியாத்தத்திலிருந்து:

ஐயா, ஐஸைப் பற்றி நான் யோசித்ததே இல்லை, மிக்க நன்றி. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஆட்களில் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருந்தால் அவர்களுடைய கூழில் உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள், பொட்டாசியம் மிகுந்த இளநீரை மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். எங்கள் தெருவில் இந்த வைகாசிக்குப் போடும் பந்தலில் நீர்மோர் மட்டும்தான்; அதற்குத் தயிர் தோய்த்துத் தரும் பொறுப்பை அம்மா ஏற்றுக்கொண்டிருக்கிறார்.