கேடிஎம் ஆர்சி 390, டியூக் 390: செயின், பிரேக், வால்வு, சஸ்பென்ஷன் – கைப்பட்ட அனுபவங்கள்

திருப்பூர்_390

373 சிசி எஞ்சின் வரும் டியூக் 390, ஆர்சி 390 வண்டிகளுக்கான அளவுகள் இவை. புது 399 சிசி டியூக்குக்கு இதை அப்படியே எடுத்துப் போட வேண்டாம்.

வண்டி குதிக்குது, கியர் முரண்டு பிடிக்குது, கீழே கரகரன்னு சத்தம் வருது என்றால் எஞ்சினைத் தொடும் முன் செயினைப் பாருங்கள். இந்த வண்டியில் அதிகம் தப்பு நடக்கும் இடம் அதுதான். கையேட்டில் செயின் தளர்வு 5 முதல் 7 மி.மீ. இந்த எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, மற்ற வண்டிகளுக்குச் செய்வது போல இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவில் அளந்து முடுக்கிவிடுகிறார்கள். வினையே அங்கேதான். 5–7 மி.மீ. என்பது ஸ்விங்ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கை) மேல் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் ஸ்லைடர் முடிகிற இடத்தில், செயினை மேலே தூக்கி அளக்க வேண்டிய அளவு. அங்கே 6 மி.மீ. இருந்தால் நடுவில் பார்க்கும்போது செயின் தொளதொளவென்றுதான் தெரியும். அதுதான் சரி.

நடுவில் 6 மி.மீ. வைத்தால் என்ன ஆகும்? நிற்கிற வண்டியில் ஒன்றும் தெரியாது. பின்னால் ஆள் உட்கார்ந்து வேகத்தடையில் இறங்கும்போது ஸ்விங்ஆர்ம் மேலே போகும். முன் பல்சக்கரம், ஸ்விங்ஆர்ம் ஆடும் அச்சான பிவட், பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும் இடத்தில் இரண்டு பல்சக்கரங்களுக்கும் இடையே உள்ள தூரம் உச்சம். அப்போது செயினில் கொடுக்க இடம் இல்லையென்றால் இழுவிசை முழுவதும் கியர்பாக்ஸ் அவுட்புட் ஷாஃப்ட் பேரிங் மேல் விழும். முதலில் முன் பல்சக்கரத்தின் பின்னால் உள்ள ஆயில் சீல் கசியும், பிறகு பேரிங் அழ ஆரம்பிக்கும். சோதிக்க எளிய வழி: இரண்டு பேர் சீட்டில் உட்காரட்டும், மூன்றாவது ஆள் செயினை விரலால் ஆட்டிப் பார்க்கட்டும். அசைவு கொஞ்சமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

பச்சை_நிஞ்ஜா

இதையே ஒப்பிட்டுச் சொன்னால், நிஞ்ஜா 300-ல் நடுவில்தான் அளக்க வேண்டும், 20 முதல் 30 மி.மீ. ஒரே பட்டறையில் இரண்டு வண்டியும் நின்றால் எண்கள் குழம்பிவிடும். அளவு மட்டும் போதாது, எங்கே அளப்பது என்பதையும் சேர்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. சக்கரத்தைக் கையால் சுற்றி நாலைந்து இடத்தில் அளந்து, எங்கே அதிகம் இறுகியிருக்கிறதோ அந்த இடத்தில்தான் அளவை வைக்க வேண்டும். தளர்ந்த இடத்தில் வைத்தால் இறுகிய இடம் வரும்போது மேலே அண்ணன் சொன்ன கதைதான்.

திருப்பூர்_390

ஆமாம் தம்பி, அதை விட்டுவிட்டேன். சரிசெய்யும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன்.

ஆக்ஸில் நட்டைத் தளர்த்துங்கள். இரண்டு பக்க லாக் நட்டையும் விடுங்கள். அட்ஜஸ்டர் போல்ட்டை இரு பக்கமும் ஒரே அளவு, கால் கால் சுற்றாகத் திருப்புங்கள். ஸ்விங்ஆர்மில் வெட்டியிருக்கும் கோடுகளை மட்டும் நம்பினால் சக்கரம் கோணலாக நிற்க வாய்ப்புண்டு. பிவட் போல்ட்டின் மையத்திலிருந்து ஆக்ஸில் மையம் வரை இரு பக்கமும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். பிறகு சக்கரத்தை முன்பக்கம் தள்ளி, அட்ஜஸ்டரில் முட்டியபடி வைத்துக்கொண்டு நட்டை முடுக்க வேண்டும். முறுக்கு 98 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால், நட்டின் மையத்திலிருந்து 50 செ.மீ. தூரத்தில் கைப்பிடியில் 20 கிலோ எடை தொங்கினால் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு. அவசரத்துக்கு இது போதும், பழக்கமாக்க வேண்டாம். நட்டு இறுகும்போது செயினும் கொஞ்சம் இறுகும், அதனால் முடுக்கிய பிறகு ஒருமுறை அளந்தே ஆக வேண்டும். எல்லாம் சரியாகச் செய்துவிட்டு இந்தக் கடைசி அளவை விட்டவர்கள்தான் திரும்பத் திரும்ப 'செயின் டைட்டா இருக்கு' என்று வந்து நிற்கிறார்கள்.

ஆர்15_வி3

செயினைச் சுத்தம் செய்ய மண்ணெண்ணெய், மென்மையான பிரஷ், பழைய துணி. பெட்ரோல் வேண்டாம், ரிங் செயினில் உள்ள ரப்பர் வளையம் உப்பி வெடித்து, உள்ளே அடைத்துவைத்த கிரீஸ் வெளியே போய்விடும். 500 கி.மீ.க்கு ஒருமுறை, மழையில் ஓட்டினால் அன்றே. ஓடிவந்த சூட்டில் செயின் லூப் (மசகு ஸ்பிரே) அடித்தால் உள்ளே இறங்கும். கீழ் ஓட்டத்தின் உட்பக்கமாக அடித்து, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் மேலே வழிந்திருப்பதைத் துடையுங்கள். அடிக்கும்போது பின் டிஸ்க்கை அட்டையால் மறைக்கவும்.

எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றுகிற செயினில் துணியைப் பிடிப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: விரல் போகும். கையால் மட்டும் சுற்றுங்கள்.

கியர்_குதிரை

செயின் சரியாக இருந்தும் ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போது 'டொக்' என்று ஒரு உதை வருகிறதா? பின் ஹப்புக்குள் இருக்கும், உதையைத் தாங்கும் கஷ் ரப்பரைப் பாருங்கள். சக்கரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பின் பல்சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டினால், தேய்ந்த ரப்பரில் சக்கரம் அசையாமல் பல்சக்கரம் மட்டும் தாராளமாக ஆடும். மலிவான பாகம். அதை மாற்றாமல் முழு செயின் கிட் மாற்றிவிட்டு, ஜெர்க் அப்படியே இருக்கிறது என்று புலம்புவதைத்தான் அதிகம் பார்க்கலாம்.

ஓட்டுபவர் பக்கமும் ஒரு விஷயம் இருக்கிறது. 89 மி.மீ. போர், 60 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள ஒற்றை சிலிண்டர் இது. குறைந்த ஆர்பிஎம்மில் பெரிய கியரில் இழுக்கச் சொன்னால் ஒவ்வொரு வெடிப்பும் செயினைச் சுண்டும். 3,500-க்குக் கீழே நாலாவது, ஐந்தாவது கியரில் ஊர்ந்துவிட்டு செயின் கிட் சீக்கிரம் போகிறது என்றால் வண்டி மேல் பழி போட முடியாது. ஒரு கியர் இறக்குங்கள்.

ஓட்டமில்லா_ஞாயிறு

ஆயில் எவ்வளவு போட வேண்டும்? கடையில் ரெண்டு லிட்டர் வாங்கச் சொல்கிறார்கள்.

திருப்பூர்_390

1.7 லிட்டர், 15டபிள்யூ-50, ஜாசோ எம்ஏ2 (பைக் கிளட்ச்சுக்கு ஏற்ற ஆயில் தரம்) என்று டின்னில் போட்டிருக்க வேண்டும். இரண்டு லிட்டரையும் ஊற்றினால் மிச்சம் பிரீதர் (எஞ்சின் மூச்சுக் குழாய்) வழியாக ஏர் பாக்ஸுக்குப் போய் ஃபில்டரை நனைக்கும். கார் ஆயில் வேண்டவே வேண்டாம். உராய்வைக் குறைக்கும் சேர்க்கை அதில் இருந்தால், ஆயிலில் ஊறிக்கொண்டே வேலை செய்யும் இந்த கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும். ஆறாவது கியரில் முழுசாகத் திருகினால் ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. அதுதான் அடையாளம்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது வடியுங்கள். ஆயில் ஸ்கிரீனை (சல்லடையை) கழற்றிக் கழுவுங்கள், ட்ரெயின் பிளக்கின் காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை சகஜம். நகத்தில் தட்டுப்படும் துணுக்கு சகஜமில்லை.

பிரேக்_பேடு

முன் பிரேக் 'பஞ்சு மாதிரி' இருக்கிறது என்ற புகாருக்கு: டாட் 4 பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால், மலை இறக்கத்தில் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி லீவர் கைப்பிடி வரை வந்துவிடும். டாட் 5 என்பது சிலிக்கோன் வகை. எண் பெரியது என்பதற்காக அதை ஊற்றக்கூடாது.

பிரேக் லைனிலிருந்து காற்று எடுக்கும்போது வரிசை மாறக்கூடாது: லீவரை அமுக்கு, காலிப்பரில் உள்ள நிப்பிளைத் திற, மூடு, அதன் பிறகுதான் லீவரை விடு. ரிசர்வாயர் காலியாக விடாதீர்கள். ஏபிஎஸ் மாடுலேட்டருக்குள் காற்று புகுந்துவிட்டால் வீட்டில் வைத்து எடுப்பது கஷ்டம், டயக்னாஸ்டிக் கருவியில் பம்ப்பை ஓடவிட வேண்டி வரும். டேங்க்கில் ஒரு சொட்டு சிந்தினாலும் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், பெயின்ட்டைத் தின்றுவிடும்.

பேடு மாற்றும்போது பிஸ்டனை அப்படியே உள்ளே தள்ளுவது வழக்கமான தவறு. வெளியே நீட்டியிருக்கும் பகுதியில் பழைய பேடின் தூள் ஒட்டியிருக்கும். சோப்புத் தண்ணீரில் பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைத்துவிட்டுத் தள்ளுங்கள், இல்லாவிட்டால் சீல் கிழிந்து நாலு பிஸ்டனில் ஒன்று ஒட்டிக்கொள்ளும், பேடு ஒருபக்கமாகத் தேயும். முடித்ததும் லீவர் கெட்டியாகும் வரை நாலைந்து முறை அமுக்காமல் வண்டியை நகர்த்தாதீர்கள். முதல் அமுக்கில் பிரேக் இருக்காது. புது பேடு உட்கார, 60 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை பத்துப் பன்னிரண்டு முறை மெதுவாகக் குறையுங்கள், இடையில் ஆறவிட்டு.

ஷிம்_கணக்கு

வால்வு பற்றி யாரும் பேசவில்லை, நான் ஆரம்பிக்கிறேன். வால்வு இடைவெளி: இன்டேக் 0.08–0.12 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.13–0.17 மி.மீ. எஞ்சின் முழுசாக ஆறியிருக்க வேண்டும், ராத்திரி நிறுத்தி காலையில் அளப்பதுதான் உத்தமம்.

பழைய ராக்கர் வண்டி பழகியவர்கள் 'டப்பெட் சத்தம் வரவில்லை, அதனால் சரி' என்பார்கள். இங்கே தலைகீழ். வால்வு தன் சீட்டில் உள்ளே அமர அமர இடைவெளி குறையும், சத்தமும் குறையும். கடைசியில் வால்வு முழுசாக மூடாது. சூடாக நிறுத்திய வண்டி உடனே ஸ்டார்ட் ஆக அடம் பிடிப்பது, ஐடிலில் நின்றுபோவது, இதெல்லாம் அதன் முன்னறிவிப்பு.

இடைவெளியைச் சரிசெய்வது ஷிம் எனும் சின்ன உலோக வில்லை. கணக்கு இதுதான்: புது ஷிம் = பழைய ஷிம் + அளந்த இடைவெளி − வேண்டிய இடைவெளி. எக்ஸாஸ்ட்டில் 0.10 காட்டுகிறது, 0.15 வேண்டும், உள்ளே இருப்பது 2.50 ஷிம் என்றால் 2.45 போட வேண்டும். ஷிம் மேல் அச்சிட்ட எண்ணை நம்பாமல் மைக்ரோமீட்டரில் அளங்கள். கேம் எடுப்பதற்கு முன் டென்ஷனரைக் கழற்றுங்கள், கேம் வெளியே இருக்கும்போது டைமிங் செயின் உள்ளே விழாமல் கம்பி போட்டுக் கட்டுங்கள். எல்லாம் மாட்டியபின் எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் சேர்கின்றனவா என்று பார்த்து, திரும்ப அளந்த பிறகே செல்ஃபைத் தொடுங்கள். கேஜ் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் இந்த வேலையைத் தெரிந்தவரிடம் விடுவதே மேல், பிழைக்கு இங்கே மன்னிப்பு கிடையாது.

ரேடியேட்டர்_ராஜா

வண்டி அதிகம் சூடாகிறது என்றால், ஷிம்மை எடுத்துப் போடும் முன் ரேடியேட்டர் இடுக்கில் சேறும் பூச்சியும் அடைத்திருக்கிறதா பாருங்கள். பின்பக்கமிருந்து முன்னால் வருமாறு, சாதாரணக் குழாய்த் தண்ணீர். வாட்டர் சர்வீஸ் கன்னை அங்கே காட்டினால் ஃபின் மடங்கும். கூலன்ட்டுக்குப் பதில் போர்வெல் தண்ணீர் ஊற்றினால் உப்பு படியும். கூலன்ட் அளவு மெல்லக் குறைந்துகொண்டே வந்தால் வாட்டர் பம்ப் அடியில் இருக்கும் சின்ன ஓட்டையைத் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் சீல் போயிருக்கிறது. அந்த ஓட்டையை எம்-சீல் வைத்து அடைக்கும் புத்திசாலிகளும் இருக்கிறார்கள். அடைத்தால் கூலன்ட் ஆயிலோடு கலக்கும் வழிதான் மிச்சம்.

கொல்லிமலை_70

வளைவில் வண்டி அகலமாக ஓடுகிறது என்றால் முதலில் காற்று. குளிர்ந்த டயரில், தனியாக ஓட்ட முன்னும் பின்னும் 29 பிஎஸ்ஐ, பின்னால் ஆள் இருந்தால் பின்பக்கம் 32. பங்கில் வழக்கமாக 'முன்னே 30, பின்னே 40' அடித்துவிடுவார்கள், கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது சாக், அதாவது ஆள் உட்காரும்போது சஸ்பென்ஷன் அமுங்கும் அளவு. ஃபோர்க்கின் கீழே பளபளக்கும் குழாயில் ஒரு கேபிள் டை கட்டுங்கள். வண்டியைத் தூக்கி ஃபோர்க் முழுசாக நீண்டிருக்கும்போது அதை சீல் வரை தள்ளுங்கள். ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் போட்டு உட்கார்ந்து, அசங்காமல் இறங்கி, டை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளங்கள். முன் சஸ்பென்ஷன் ஓட்டம் முதல் தலைமுறை ஆர்சி 390-ல் 125 மி.மீ., டியூக்கில் அதைவிட அதிகம், பின் 150 மி.மீ.; அதில் ஏறத்தாழ 30 சதவீதம் ஆள் எடைக்குப் போகலாம். பின்பக்கத்துக்கு ஆக்ஸிலிலிருந்து நேர் மேலே டெயிலில் ஒரு டேப் ஒட்டி, தூக்கி ஒருமுறை, உட்கார்ந்து ஒருமுறை. வித்தியாசம் 60 மி.மீ. வந்தால் பின்னால் அமுங்கி முன்பக்கம் லேசாகிவிட்டது என்று அர்த்தம், வளைவில் அகலமாக ஓடத்தான் செய்யும்.

பின் ஷாக்கின் காலரை சி-ஸ்பேனரால் திருப்பினால் ஸ்பிரிங் கடினமாகிறது என்று நம்புகிறவர்கள் அதிகம். ஆகாது. வண்டி நிற்கும் உயரம்தான் மாறும். 90 கிலோ ஆள், காலர் உச்சத்தில், இன்னும் சாக் அதிகம் என்றால் ஸ்பிரிங்கைத்தான் மாற்ற வேண்டும்.

கரி_டிராக்டே

செட்டிபாளையம், இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் இரண்டிலும் டிராக் டேக்குப் போகிறவர்களுக்குச் சேர்த்துச் சொல்வது: அங்கே குறைக்கிற டயர் காற்றோடு வீட்டுக்கு ஓட்டாதீர்கள். கையில் கேஜும் கால் பம்ப்பும் இருக்கட்டும். நாள் முழுக்க ரெட் லைனில் ஓடிய வண்டிக்கு மாலையில் முதலில் பார்க்க வேண்டியது பேடு மிச்சம், பிறகு செயின், பிறகு ஆயில் அளவு.

ஸ்டியரிங் பேரிங்கையும் ஒருமுறை. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள், 'டிக்' என்றால் தளர்வு. ஹேண்டிலை இடதிலிருந்து வலதுக்கு மெல்ல விடுங்கள், நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவது போல நின்றால் பேரிங் தடம் பதிந்துவிட்டது. அதை முடுக்கிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

ஓட்டமில்லா_ஞாயிறு

செயின் ஸ்லைடர் முனையில் இப்போதுதான் அளந்தேன் அண்ணா. 2 மி.மீ. கூட இல்லை. வண்டியை எடுக்கலாமா?

திருப்பூர்_390

வேண்டாம் தம்பி. இரண்டு அட்ஜஸ்டரையும் கால் சுற்று தளர்த்தி, சக்கரத்தை முன்னே தட்டி, திரும்ப அளங்க. 6 வரும் வரைக்கும் இதையே செய்யுங்க. நட்டு முடுக்கினதுக்கு அப்புறம் இன்னொரு தடவை. முன் பல்சக்கரக் கவரையும் கழற்றி, சீல் ஓரத்தில் ஆயில் ஈரம் இருக்கா பார்த்துட்டு சொல்லுங்க.