கட்டி முடியாத ஃபிளாட்டுக்குக் கட்டுற வட்டி: வரியில கழிக்க வழி இருக்கா?

மாரத்தஹள்ளி வாசி:
வணக்கம். பெங்களூர்ல ஹொஸ்கோட்டை ரோட்டுல ஃபிளாட் புக் பண்ணியிருக்கோம். லோன் 2022 மே மாசம் எடுத்தது. 2025 டிசம்பர்ல சாவி தர்றதா சொன்ன பில்டர், இப்ப 2026 கடைசின்னு இழுக்கறார். அதுவரைக்கும் ப்ரீ-இ.எம்.ஐ. (வீடு முடியிற வரைக்கும் கட்டுற வட்டி) ஒரு பக்கம், வாடகை 32,000 ஒரு பக்கம். மூச்சு முட்டுது. வீடு முடியாம வட்டியைக் கழிக்க முடியாதுன்னு வட்டி சர்ட்டிஃபிகேட்டை ஆபீஸ்ல திருப்பிட்டாங்க. சம்பளம் 18 லட்சம், அதுல பேசிக் மாசம் 70,000, ஹெச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப் படி) 28,000. வட்டியெல்லாம் போனது போனதுதானா? ஓல்ட் ரெஜிம்லயே (கழிவுகள் காட்டுற பழைய வரி முறை) இருக்கலாமா?

மல்லேஸ்வரம் ஆடிட்டர்:
தம்பி, ஆபீஸ்ல சொன்னது சரிதான். வீடு முடியிற வருஷத்துல இருந்துதான் வீட்டுக் கடன் வட்டிக்கான கழிவு (1961 வருமான வரிச் சட்டத்துல 24(பி)). அதுக்கு முந்தின வட்டியை அஞ்சு பாகமாப் பிரிச்சு அஞ்சு வருஷம் காட்டலாம். ஆனா குடியிருக்கிற வீட்டுக்கு மொத்தமே 2 லட்சம்தான். நடப்பு வட்டியே அதைத் தாண்டிட்டா பழைய வட்டிக்கு இடமில்ல. இதுவும் ஓல்ட் ரெஜிம்ல மட்டும்தான்.

2025-26 கணக்கு பாருங்க. நியூ ரெஜிம்ல (கழிவும் குறைவு, வரி விகிதமும் குறைவான புது முறை) சம்பளக்காரங்களுக்கான ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 75,000 கழிச்சு, செஸ்ஸோட (வரி மேல போடுற கூடுதல் வரி) வரி 1,50,800. ஓல்ட்ல ஹெச்.ஆர்.ஏ.ல விலக்குக் கிடைக்கிற 3 லட்சம், 80சி (பி.எஃப்., இன்ஷூரன்ஸ் மாதிரி சேமிப்புக்கான கழிவு) முழுசா 1.5 லட்சம், ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 50,000 கழிச்சாலும் 2,10,600 வருது. குடிபோன பிறகு ஹெச்.ஆர்.ஏ. நின்னுடும், வட்டி 2 லட்சம் வரும். அப்ப வரி 2,41,800. ரெண்டு நிலையிலயும் நியூதான் லாபம். வீட்டுக்காக ஓல்ட்ல உட்கார்ந்து காசை விடாதீங்க.

இன்னொண்ணு, தேதி. லோன் எடுத்த நிதியாண்டு முடிஞ்சு அஞ்சு வருஷத்துக்குள்ள, அதாவது 2028 மார்ச் 31க்குள்ள வீடு முடியணும். தாண்டினா 2 லட்சமா இருக்கிற வட்டிக் கழிவு வரம்பு வெறும் 30,000 ஆகக் குறைஞ்சிடும். பில்டர் இழுத்தாலும் அடி உங்களுக்குத்தான்.

கெங்கேரி குடித்தனம்:
வரியை விட மத்த செலவைக் கவனிங்க அண்ணா. எங்க அபார்ட்மென்ட்ல மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு நாலரை ரூபா, 1,250 சதுர அடிக்கு மாசம் 5,625. அது 7,500ஐத் தாண்டி, அசோசியேஷன் வருஷ வரவும் 20 லட்சத்துக்கு மேல போனா 18% ஜி.எஸ்.டி. வேற. சொந்தமாக் குடியிருந்தா இதுல ஒரு பைசா கழிக்க முடியாது.

மாரத்தஹள்ளி வாசி:
ரொம்ப நன்றிங்க. லோன்ல வைஃப் பேரும் இருக்கு, அக்ரிமென்ட்ல என் பேரு மட்டும். அவங்களும் வட்டி காட்டலாமா?

மல்லேஸ்வரம் ஆடிட்டர்:
முடியாதுப்பா. வீட்டுலயும் பங்கு இருக்கணும், லோன்லயும் பேரு இருக்கணும், அவங்களும் கட்டணும். நாளைக்கு வாடகைக்கு விட்டா நியூ ரெஜிம்லயும் வாடகை வருமானம் வரைக்கும் வட்டியைக் கழிக்கலாம். அப்ப ரெண்டு பேரா இருந்தா வருமானமும் பிரியும். பத்திரம் பதியறதுக்கு முன்னாடியே அவங்க பேரைச் சேர்க்கச் சொல்லி பில்டருக்கும் பேங்குக்கும் எழுதிக் கொடுங்க. பதிஞ்ச பிறகுன்னா தனியா ஒரு பத்திரம், தனியா ஒரு செலவு.