ஃபோர்ட்நைட்டுக்குத் தமிழ்ல என்ன போடலாம்? வியாழக்கிழமைக்குள்ள வேணும்

எல்லாருக்கும் வணக்கம். ஆஸ்திரேலியாவுக்குப் புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கான சம்பளக் கையேடு ஒண்ணு மொழிபெயர்த்துட்டிருக்கேன், பக்கத்துக்குப் பக்கம் 'ஃபோர்ட்நைட்' வருது, அதாவது ரெண்டு வாரக் காலம். பத்திரிகைப் பழக்கத்துல 'மாதமிருமுறை'ன்னு போட்டுட்டேன், அது தப்பு. மாதமிருமுறைன்னா வருஷத்துக்கு 24 சம்பளம், ஃபோர்ட்நைட்னா 26. தடவைக்கு 2000 டாலர்னா 48,000 எங்க, 52,000 எங்க! உதவுங்க.

---

அம்மா, முதல்ல வேரைப் பாருங்க. பழைய ஆங்கிலத்துல அது 'பதினாலு இரவு'. ஏழு இரவுக்கும் 'சென்னைட்'னு ஒண்ணு இருந்துச்சு, வழக்கொழிஞ்சு போச்சு. ஜெர்மானியர் பகலை எண்ணாம இரவைத்தான் எண்ணுவாங்கன்னு ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் கி.பி. 98லயே எழுதியிருக்கார். வெல்ஷ் மொழியில ரெண்டு வாரத்துக்குப் பதினஞ்சு இரவு, ஒரு வாரத்துக்கு எட்டு இரவு, ரெண்டு முனையையும் சேர்த்து எண்ற கணக்கு. நாமளும் 'பதினஞ்சு நாள்ல வந்துடறேன்'னு ரெண்டு வாரத்தைத்தானே சொல்றோம். இரவுக் கணக்குன்னா நிலாக் கணக்கு, அதுக்கு நம்மகிட்ட 'உவவு' இருக்கு, பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் பொதுவான பழைய சொல், புறநானூறு 65ல 'உவவுத் தலைவந்த பெருநாள்'னு வருது. ரெண்டு உவவுக்கு நடுவுல உள்ள காலம் 'உவவிடை'. இதையே வைங்க.

---

ஐயா, சொல் அழகா இருக்கு, ஆனா பௌர்ணமிலேர்ந்து அமாவாசைக்குப் பதினாலே முக்கால் நாள், சம்பளத்துக்குச் சரியா 14. ரெண்டு மாசத்துல மூணு நாள் தள்ளிப்போயிடும். தனிமடல்ல ஒருத்தர் 'ஈர்வாரம்' அனுப்பினாங்க, 'ஈர்' உயிரெழுத்துக்கு முன்னாடிதானே வரும், அதனால 'இருவாரம்'னு போடப் பார்க்கிறேன்.

---

அக்கா, வாரம் வடசொல்லெல்லோ. நாங்கள் இஞ்ச மெல்பேர்ன்ல வீட்டில 'ரெண்டு கிழமைக்கு ஒருக்காச் சம்பளம்' எண்டுதான் சொல்லுறனாங்கள், அம்மம்மாவுக்கும் விளங்கும். இருகிழமை எண்டு போடுங்கோ, தனித்தமிழும் ஆச்சு, விளக்கமும் ஆச்சு.

---

தம்பி, அதுதான் சிக்கல். தமிழ்நாட்டுலேர்ந்து வர்றவங்களுக்குக் கிழமைன்னா திங்கள், செவ்வாய். 'இருகிழமைச் சம்பளம்'னு பார்த்தா வாரத்துல ரெண்டு நாள் சம்பளம்னு நினைச்சுப்பாங்க. உங்களுக்கு வாரமும் புரியும், எங்க ஊர்க்காரங்களுக்குக் கிழமை அப்படிப் புரியாது. அதனால 'இருவாரத்துக்கு ஒருமுறை, அதாவது 14 நாளுக்கு ஒருமுறை'ன்னு போட்டு அனுப்பிடறேன், ஏழெட்டு பேர் சரின்னு சொல்லிட்டாங்க.

---

அனுப்புங்கம்மா, கெடு முக்கியம். ஆனா 'இருவாரத்துக்கு ஒருமுறை'ங்கிறது விளக்கம், சொல் இல்ல. ஃபோர்ட்நைட் ஒரே சொல். நான் உவவிடையை விடல, அடுத்த வாரம் உவவோட இன்னொரு வடிவமான 'உவா'வோட வேரைப் பத்தித் தனி இழை தொடங்கறேன்.

---

கிழமையையும் அந்த இழையில சேருங்கோ ஐயா.