4 மணிக்கு எழும்பாத பிள்ளைக்கு ஒன்பது ஏ கிடையாதாம்

பீலிக்கரை | இரவு 8.47
இன்று எங்கள் தேயிலைத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு டைம் டேபிள் சுற்றிக்கொண்டு வந்தது. யார் எழுதியது என்று பெயர் இல்லை, மேலே மேசை விளக்கும் கண்ணாடி போட்ட ஒரு பையனும் படம். காலை 4க்கு எழும்பு, 4.15 முதல் 6.15 வரை கணிதம், பள்ளிக்கூடம் விட்டு வந்து 3 முதல் 5 வரை விஞ்ஞானம், இரவு 9க்கு லைட்டை அணை. கடைசியில் சிவப்பு எழுத்தில் "4 மணிக்கு எழும்பாத பிள்ளைக்கு ஒன்பது ஏ கிடையாது."

இதை எழுதினவர் ஒரு நாளாவது லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், படுத்து எழும்பியிருப்பாரா? 4 மணிக்கு எங்கள் வீட்டில் எல்லாரும்தான் எழும்பினோம். அம்மா ரொட்டிக்கு மா பிசைவார், நான் பீலிக்குப் போய் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவர வேண்டும், தம்பி ஈர விறகை ஊதிக்கொண்டிருப்பான். 10க்கு 12 அடிக் காம்பராவில் புகை மண்டி நிற்கும்போது கொப்பியை எந்த மூலையில் விரிப்பது? நான் ஓஎல்லுக்கு (தரம் 11 முடிவில் ஒன்பது பாடத்துக்கு எழுதும் பரீட்சை) படித்தது இரவு 10க்குப் பிறகு, பக்கத்துக் காம்பராவில் டீவி நாடகம் முடிந்து, அந்த வீட்டு மாமா பாடி முடித்து, எல்லாம் அடங்கிய பிறகுதான்.

கொட்டகலைக்_குரல் | இரவு 8.55
தங்கச்சி, கோபப்படாமல் கேளுங்கள். அந்த டைம் டேபிளில் ஒரு பிழையும் இல்லை. நானும் லயத்தில் பிறந்தவன்தான், 2003இல் 4 மணிக்கு எழும்பிப் படித்தவன். ரிசல்ட்ஸ் சீட் பிரேம் போட்டு இன்னும் வீட்டில் தொங்குகிறது. விடியற்காலையில் மூளை சுத்தமாக இருக்கும். இரவில் படிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரி. 4 என்றால் 4.

தலவாக்கலை_மச்சான் | இரவு 8.58
பிரேமுக்குள் எத்தனை ஏ அண்ணே?

கொட்டகலைக்_குரல் | இரவு 9.01
அது இங்கே கேள்வி இல்லை. கேள்வி 4 மணி.

சும்மா_வந்தவன் | இரவு 9.04
முதலில் "படிப்பு" என்று எதைச் சொல்கிறோம் என்று பேசிக்கொண்டால் நல்லது. பாடமாக்குவதா, நோட்ஸ் வாசிப்பதா, கணக்குச் செய்து பார்ப்பதா? மூன்றுக்கும் ஒரே நேரம் சரிவருமா?

கொட்டகலைக்_குரல் | இரவு 9.06
பரீட்சை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது? காலை 8.30. கணிதம் இரண்டாம் தாள் 3 மணித்தியாலம். இரவு 1 மணி வரை முழித்திருந்து பழகின பிள்ளை அந்த மண்டபத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்காரும். 4க்கு எழும்பிப் பழகின பிள்ளைக்கு 8.30 என்பது பகல் மாதிரி.

பீலிக்கரை | இரவு 9.10
8.30 எல்லாருக்கும் பகல்தான் அண்ணே. நான் சொல்வதை வாசிக்கவே இல்லை நீங்கள். 4 மணிக்கு நாங்களும் எழும்பினோம், ஆனால் அந்த நேரம் எங்களுடையது இல்லை. 7 மணிக்கு அம்மா மலைக்குப் போக வேண்டும், அதற்கு முன்னால் வீட்டில் எல்லா வேலையும் முடிய வேண்டும். உங்கள் வீட்டில் அந்த நேரத்தில் தண்ணீர் எடுத்தது யார்?

கொட்டகலைக்_குரல் | இரவு 9.13
அக்கா எடுப்பார்.

பீலிக்கரை | இரவு 9.13
அதைத்தான் சொல்கிறேன்.

தலவாக்கலை_மச்சான் | இரவு 9.14
அந்த அக்காவுக்கும் ஒரு பிரேம் இருக்கிறதா அண்ணே 😄

கொட்டகலைக்_குரல் | இரவு 9.20
குடும்பத்தை இழுக்க வேண்டாம். அக்கா என்னை விடக் கெட்டிக்காரி, பத்தாம் வகுப்போடு நின்றது வேறு காரணம், அதை இங்கே பேசத் தேவையில்லை. தலவாக்கலை தம்பிக்குப் போன மாதம் ஸ்கொலர்ஷிப் பற்றிப் பேசும்போது வாங்கின அடி இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது. நான் எழுதுவது பிள்ளைகளுக்காக. நல்ல பழக்கத்தை நல்ல பழக்கம் என்று சொல்லவும் கூடாதா?

தலவாக்கலை_மச்சான் | இரவு 9.26
அடி வாங்கினது யார் என்று அன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சரி, ஒரு சின்னக் கணக்கு. 1996இல் கரண்ட் தட்டுப்பாட்டுக்காக நாடு முழுக்கக் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளினார்கள், 2006 சித்திரையில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினோம். 2003இல் நம் நேரம் அரை மணித்தியாலம் முன்னுக்கு இருந்தது. ஆகவே நீங்கள் 2003இல் எழும்பின 4 மணி இன்றைய 3.30. இப்போது பிள்ளைகள் 4க்கு எழும்பினால் உங்கள் கணக்குப்படி அரை மணித்தியாலம் லேட். எட்டரை ஏ தான் வரும்.

கொட்டகலைக்_குரல் | இரவு 9.31
கடிகாரத்தில் 4 என்று காட்டியது. நான் 4க்கு எழும்பினேன். 4 என்றால் 4.

நுவரெலியா_கம்பளி | இரவு 9.33
சிரித்து முடியவில்லை. ஆனால் ஒரு விசயம், கொட்டகலையில் 4க்கு எழும்புவது பெரிய வீரமா? நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரம். ஜனவரியில் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். கம்பளிக்குள்ளேயிருந்து கையை வெளியே எடுத்துப் பேனா பிடித்தால் விரல் மடங்காது. எங்கள் பிள்ளைகளுக்கு 4 மணி டைம் டேபிள் போடுகிறவர் முதலில் இங்கே வந்து முகம் கழுவட்டும்.

ஊவாக்காரன் | இரவு 9.36
ஆரம்பித்துவிட்டார்கள் குளிர்ப் பெருமையை. பண்டாரவளைப் பக்கம் மட்டும் என்ன வெயிலா கொளுத்துகிறது? காற்று மாதத்தில் தகரம் அடித்துக்கொண்டே இருக்கும், பக்கத்தில் இருக்கிறவன் பேசுவதே கேட்காது.

நுவரெலியா_கம்பளி | இரவு 9.37
காற்றும் குளிரும் ஒன்றா தம்பி?

ஊவாக்காரன் | இரவு 9.44
ஒன்றில்லை. உங்கள் பக்கத்துக்கு எதுவென்றாலும் கூடத்தான், குளிரும் கூட, பல்கலைக்கழகக் கோட்டாவும் கூட. நான் எழுதினது 2021க்குரிய ஓஎல், நடந்தது 2022 மே மாதம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. எங்கள் டைம் டேபிள் பேப்பரில் வந்த கரண்ட் வெட்டுப் பட்டியல்தான். எப்போது லைட் வருகிறதோ அப்போது படித்தோம், மற்ற நேரம் குப்பி விளக்கு. மண்ணெண்ணெய்க்கும் வரிசை. மூக்குக்குள் கரி, சீஆர் கொப்பியின் ஓரமெல்லாம் மஞ்சள். அந்தக் கொப்பியை இப்போது திறந்தாலும் புகை மணக்கும். 4 மணியாம்.

கொட்டகலைக்_குரல் | இரவு 9.49
அது விசேட நிலைமை, ஒரு வருசத்தை வைத்து முடிவு எடுக்கக் கூடாது. அப்புறம் கோட்டா பற்றிப் பேசுகிறவர் கணக்கைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்த 5 வீதத்தில் நுவரெலியாவும் இருக்கிறது, உங்கள் பதுளையும் இருக்கிறது. சும்மா எங்களைச் சொல்ல வேண்டாம்.

ஊவாக்காரன் | இரவு 9.52
5 வீதத்தை யார் சொன்னது? வெளி மாவட்டத்திலிருந்து ஏஎல் (பல்கலைக்கழகம் போவதற்கான பரீட்சை) எழுத மட்டும் மலைக்கு வந்து, நம் பிள்ளைகளின் இடத்தில் உட்காருகிறார்களே, அதைப் பற்றிப் பேசுவீர்களா? அவர்கள் எத்தனை மணிக்கு எழும்புகிறார்கள்?

கொட்டகலைக்_குரல் | இரவு 9.53
அவர்களும் 4க்குத்தான் எழும்புவார்கள். அதனால்தான் வெல்கிறார்கள்.

பீலிக்கரை | இரவு 9.55
அய்யோ அண்ணே.

தரம்11_சி | இரவு 9.58
வணக்கம். நான் வருகிற ஓஎல் எழுதுகிறேன். இரவில்தான் படிக்கிறேன். கணிதத்தில் முதலாம் தாள் ஏ பகுதி முடிக்க நேரம் போதவில்லை. என்ன செய்யலாம்?

கொட்டகலைக்_குரல் | இரவு 9.59
மகன், முதலில் 4 மணிக்கு எழும்பு.

தரம்11_சி | இரவு 10.00
மகள் சேர்.

பீலிக்கரை | இரவு 10.11
தங்கச்சி, அவரை விடு. ஏ பகுதியில் 25 கேள்வி, ஒன்றுக்கு 2 புள்ளி, ஆக 50. எந்தக் கேள்வி எந்தப் பாடத்திலிருந்து வருகிறது என்று ஐந்தாறு வருசப் பாஸ்ட் பேப்பரை அடுக்கிப் பார், கொஞ்சம் பிடிபடும். ஒரு நாளைக்கு ஒரு ஏ பகுதி, போனில் நேரம் வைத்துச் செய். முதலாம் தாள் மொத்தம் 2 மணித்தியாலம், பி பகுதியில் 5 கேள்வி இருக்கிறது, அதற்கு ஒரு மணித்தியாலம் விட வேண்டும். ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டால் பக்கத்தில் புள்ளடி போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போ, அங்கேயே உட்கார்ந்து அழிறப்பர் தேயத் தேய அழித்துக்கொண்டிருக்காதே. நான் செய்த பிழை அதுதான். விடையைப் புள்ளியிடும் திட்டத்தோடு ஒப்பிட்டு, பிழைத்ததை மட்டும் தனிக் கொப்பியில் எழுது. இரவு 10க்குச் செய்தாலும் பகல் 2க்குச் செய்தாலும் புள்ளி ஒன்றுதான்.

கொட்டகலைக்_குரல் | இரவு 10.16
சொன்னதெல்லாம் சரி, கடைசி வரி பிழை. பகல் 2க்குச் செய்கிற கணக்கு நிற்காது. சோறு சாப்பிட்ட மயக்கம். 4 மணிக்குச் செய்தால் நிற்கும்.

சும்மா_வந்தவன் | இரவு 10.19
இதைத்தான் நான் முதலிலேயே கேட்டேன். கணக்குச் செய்வதும் வரலாறு பாடமாக்குவதும் ஒரே "படிப்பு" இல்லையே.

தலவாக்கலை_மச்சான் | இரவு 10.20
அண்ணே, இன்னும் எத்தனை ஏ என்று சொல்லவில்லை.

கொட்டகலைக்_குரல் | இரவு 10.34
சொல்கிறேன் கேள். என் அப்பா 4 மணிக்கு என்னைத் தட்டி எழுப்புவார். வெறுந்தேத்தண்ணியும் ஒரு கடி சீனியும் உள்ளங்கையில் வைப்பார். அவருக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் நான் படிக்கும் வரைக்கும் எதிரில் குந்திக்கொண்டே இருப்பார், நான் தூங்கி விழுந்தால் தொண்டையைச் செருமுவார். கொப்பியைத் தலைகீழாக வைத்திருந்தாலும் அவருக்குத் தெரியாது, ஆனால் நான் படிக்கவில்லை என்றால் மட்டும் எப்படியோ தெரிந்துவிடும். அப்புறம் 6 மணிக்குப் பெரட்டுக்கு, தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு, போய்விடுவார். இதையெல்லாம் பார்க்காதவர்கள் 4 மணியைக் கிண்டல் பண்ணலாம். எத்தனை ஏ என்று கேட்கிறவனுக்கு இது விளங்காது.

பீலிக்கரை | இரவு 10.38
அப்பாவைப் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. எதிரில் ஒருவர் குந்தியிருந்தால் இரவு 11க்கும் படிப்பு வரும். உங்களைப் படிக்க வைத்தது அவர், கடிகாரம் இல்லை.

கொட்டகலைக்_குரல் | இரவு 10.40
அவர் இரவு 11க்குக் குந்தவில்லை. 4க்குத்தான் குந்தினார்.

நுவரெலியா_கம்பளி | இரவு 10.42
கொட்டகலையில் குந்தலாம். இங்கே குந்தினால் எழும்ப முடியாது, உறைந்துவிடுவோம்.

ஊவாக்காரன் | இரவு 10.43
திரும்பவும் குளிரா!

தலவாக்கலை_மச்சான் | இரவு 10.45
நான் படுக்கப் போகிறேன். 3.30க்கு எழும்ப வேண்டும், 2003ஐப் பிடிக்க.

கொட்டகலைக்_குரல் | காலை 3.58
எழும்பிவிட்டேன். நேற்று இவ்வளவு நேரம் வாயடித்தவர்களில் யாராவது முழித்திருக்கிறீர்களா? இதுதான் வித்தியாசம்.

தரம்11_சி | காலை 4.02
நான் இருக்கிறேன் சேர். ஏ பகுதி இரண்டு செய்து முடித்தேன். இரண்டாவதில் 50க்கு 41. இன்னும் படுக்கவே இல்லை.

கொட்டகலைக்_குரல் | காலை 4.03
41 நல்லது மகள். ஆனால் படுக்காமல் இருந்தால் அது எழும்பினதாகக் கணக்கில் வராது.