புதுப்பிப்பு: மிக்ஸரில் பச்சை, ஆம்பில் சிவப்பு – சரியாகிவிட்டது

பதில் சொன்ன அண்ணன்மார் எல்லோருக்கும் நன்றி. எங்கள் ஸ்பீக்கர் செட் பற்றிப் போன மாதம் கேட்டிருந்தேன்: மிக்ஸர் மீட்டர் பச்சையைத் தாண்டவில்லை, டாப் ஆம்பில் (ஹார்ன் ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர்) மட்டும் சிவப்பு கிளிப் விளக்கு (ஆம்ப் தன் எல்லையைத் தாண்டினால் எரிவது) எரிகிறது, ஹார்ன் ஸ்பீக்கரில் அதிரும் தகடான டயாபிரம் இரண்டு போய்விட்டன என்று.

பெரிய ஆம்ப் வாங்கச் சொன்னார்கள். நல்லவேளை, கையில் காசில்லை. "பின்பக்க சுவிட்சைப் பார்" என்றவர் சொன்னதுதான் வேலை செய்தது. எத்தனை வோல்ட் சிக்னல் வந்தால் ஆம்ப் முழு பவரைத் தொடும் என்பதை வைக்கும் சுவிட்ச் அது. டாப் ஆம்ப் 0.775 வோல்ட்டில், பேஸ் ஆம்ப் 1.4 வோல்ட்டில் இருந்தன. கிட்டத்தட்ட 5 டெசிபல் வித்தியாசம்! ஆம்ப் வால்யூம் குமிழ் வேறு இரண்டிலும் முழுக்கத் திருகியிருந்தது.

இரண்டையும் 1.4க்கு மாற்றினேன். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு, 1 கிலோஹெர்ட்ஸ் டோனை மிக்ஸர் சிவப்பைத் தொடாத உச்சம் வரை ஏற்றினேன். அப்புறம் ஆம்ப் குமிழைப் பூச்சியத்திலிருந்து மெல்லத் திருப்பி, கிளிப் விளக்கு லேசாக மினுக்கியதும் ஒரு கிளிக் குறைத்தேன். குமிழ் பாதிக்கும் கீழே நின்றது. "சத்தம் பத்தாதுடே" என்றார் மாமா. ஆனால் போதுமானதாகவே இருந்தது. குமிழ் உள்ளே வரும் சிக்னலைத்தான் குறைக்கிறது, ஆம்பின் பவரை அல்ல. இரைச்சலும் போச்சு.

எதிர்பாராதது ஒன்று. புளியரைப் பக்கம் ஒரு கோயில் கொடை விழாவில், ஆரியங்காவிலிருந்து வந்த செண்டைக் குழு அடிக்கத் தொடங்கியதும் மறுபடி சிவப்பு. வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்தால் ஜெனரேட்டர் 200 வோல்ட்கூடத் தரவில்லை. எங்களுடையது டிரான்ஸ்பார்மர் ஆம்ப், கரண்ட் வோல்டேஜ் இறங்கினால் சீக்கிரமே கிளிப் ஆகும். மிக்ஸர் மாஸ்டரைக் கொஞ்சம் இறக்கினேன், விடியும்வரை ஓடியது.